வீட்டில் பலவகை இசை கேட்க நடுத்தர விலை ஹெட்ஃபோன்: திறந்ததா, மூடியதா?

பொதிகைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒரு முதல் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். குழந்தைகள் உறங்கிய பிறகு, இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை இசை கேட்பது என் வழக்கம். இதுவரை கைப்பேசியோடு வந்த காதுக்குள் செருகும் இயர்ஃபோனில்தான் கேட்டு வந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் காது வலிக்கிறது என்பதால், தலைக்கு மேல் அணியும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது.

சிக்கல் என்னவென்றால், நான் ஒரே வகை இசை கேட்பவன் அல்ல. திங்களன்று பழைய கச்சேரிப் பதிவு என்றால் செவ்வாயன்று எண்பதுகளின் திரையிசை, அதற்கடுத்த நாள் மேற்கத்திய சிம்பொனி, வார இறுதியில் மின்னணு இசையும் கொஞ்சம் ஜாஸும் என்று போகும். அப்பா ஒலிநாடாவில் சேர்த்து வைத்திருந்த கச்சேரிகள் நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் மடிக்கணினியில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மோனோ (இரு காதுக்கும் ஒரே ஒலி), இரைச்சலும் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிகிறேன். கைப்பேசியில் ஹெட்ஃபோன் செருகும் 3.5 மி.மீ. துளை கிடையாது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டபோது, பேஸ் (அடிமட்ட ஒலி) அதிரும் ஒரே பாட்டை நான்கு ஹெட்ஃபோன்களில் போட்டுக் காட்டி, எது அதிகம் அதிர்கிறதோ அதுவே சிறந்தது என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இணையத்தில் படித்ததில் சென்ஹைசர் எச்டி 560எஸ், பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ ஆகிய நான்கும் கண்ணில் பட்டன. ஒவ்வொரு இசைக்கும் ஒவ்வொன்று என்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் எதை எடுப்பது?

மூன்றாம்காலம் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இசை வகையை வைத்து ஹெட்ஃபோனைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிம்பொனிக்கு ஒன்று, திரையிசைக்கு ஒன்று என்பது விற்பவருக்கு வசதியான பிரிவு. பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தரும் ஹெட்ஃபோன் எல்லா வகைக்கும் பொருந்தும்; ஏதோ ஒரு பகுதியைத் தூக்கிக் காட்டும் ஹெட்ஃபோன், அந்தப் பகுதி ஏற்கெனவே மிகுந்திருக்கும் பதிவில் தாங்க முடியாததாகிவிடும். உங்களைப் போல் தினம் ஒரு திசையில் போகிறவருக்குத்தான் இது அதிகம் உறைக்கும்.

உங்கள் பட்டியலில் எம்50எக்ஸ் மட்டும் மூடிய வகை, மற்ற மூன்றும் திறந்த வகை. ஹெட்ஃபோனுக்குள் அதிரும் சவ்வு முன்பக்கம் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ, ஏறக்குறைய அதே அளவு பின்பக்கமும் எழுப்புகிறது. மூடிய வகையில் அந்தப் பின்னொலி கிண்ணத்துக்குள் அடைபட்டு, சுவரில் மோதித் திரும்பி, சவ்வையே ஊடுருவி மறுபடி காதுக்கு வந்து சேர்கிறது. எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் அதை முழுவதும் விழுங்க முடிவதில்லை. திறந்த வகையில் பின்பக்கம் வலைதான் என்பதால் அது வெளியேறிவிடுகிறது. சென்ஹைசர் 1968இல் எச்டி 414 என்ற திறந்த ஹெட்ஃபோனை, மஞ்சள் நுரை வைத்து, சந்தைக்குக் கொண்டுவந்தபோது மக்களைக் கவர்ந்தது இந்த விடுபட்ட ஒலிதான். தலைக்குள் அடைத்துவைத்தாற்போல் இல்லாமல் சற்று வெளியே நின்று ஒலிக்கும். காதும் அவ்வளவாக வியர்க்காது, சென்னைக்கு அதுவும் ஒரு கணக்கு.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, உள்ளேயிருப்பது வெளியே கேட்கும், வெளியேயிருப்பது உள்ளே கேட்கும் என்பதே. அருகில் படுத்திருப்பவருக்குக் கொசு பாடுவது போல் கேட்கும். மின்விசிறியின் ஓசையும் அப்படியே உள்ளே வரும். தனி அறையில் உட்கார்ந்து கேட்கிறீர்களா, அதே படுக்கையறையிலா என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்தே மேலே பேச முடியும்.

பொதிகைச்சாரல் எழுதியது:

கூடத்தில் உட்கார்ந்துதான் கேட்பேன், படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். மின்விசிறி தலைக்கு நேர் மேலே. இரண்டாவது கேள்வி: டிடி 990 ப்ரோவுக்கு மின்மறுப்பு 250 ஓம் என்று போட்டிருக்கிறது, அதற்குத் தனியாக ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) வாங்காவிட்டால் ஒலியே வராது என்கிறார்களே, உண்மையா?

செப்புக்கம்பி எழுதியது:

இந்த ஓம் கணக்கைப் பற்றி நிலவும் அச்சத்தில் பாதி தேவையற்றது, எனவே சற்று நீட்டி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை, மட்டும் எதையும் சொல்லாது; கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி எழும் என்ற உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு குழப்பம் உண்டு: சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று அச்சிடுகின்றன, வேறு சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று அச்சிடுகின்றன. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் தவறிவிடும். டிடி 990 ப்ரோ 250 ஓம் வகைக்கு ஒரு மில்லிவாட்டில் 96 டெசிபெல். ஒரு வோல்ட் கொடுத்தால் 250 ஓமில் 4 மில்லிவாட் செல்லும், அது 6 டெசிபெல் கூடுதல். ஆக வோல்ட்டுக்கு 102. எச்டி 560எஸ்ஸின் மின்மறுப்பு 120 ஓம், அதற்கு வோல்ட் கணக்கிலேயே 110 என்று தந்திருக்கிறார்கள். எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99. வோல்ட்டுக்கு மாற்றினால் ஏறத்தாழ 113 வரும்.

கைப்பேசியின் சார்ஜ் துளையில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் சிறு இணைப்பான்களான சாதாரண டாங்கிள்களில் நல்லவை ஒரு வோல்ட் தரும். அப்படியென்றால் 560எஸ்ஸில் உச்சத்தில் 110 டெசிபெல் கிடைக்கும். சிம்பொனிப் பதிவுகளில் சராசரி ஒலி உச்சத்தைவிட 20 டெசிபெல் தாழ்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் சராசரி 90 வரும், அதுவே வீட்டில் கேட்பதற்கு மிக அதிகம். டிடி 990இல் அதே கணக்கில் 82 வரும். போதும், ஆனால் மெல்லிய குரலில் பதிவான உங்கள் அப்பாவின் நாடாக்களுக்குக் கைவசம் மிச்சம் இருக்காது. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆப்பிள் டாங்கிள் அளவில் சிறிதானாலும் தரமானது, ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அதன் முழு ஒலியளவு வருவதில்லை. ஐரோப்பாவுக்கென்று விற்கப்படுவது அரை வோல்ட்தான் தரும். வாங்குமுன் எந்தக் கைப்பேசியில் செருகப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப் வீட்டில் கிடக்கிறதே என்று அதன் ஹெட்ஃபோன் துளையில் மாட்டவும் வேண்டாம். அவற்றில் வெளியீட்டு மின்மறுப்பு நூறு ஓமுக்கு மேலேயே இருப்பதுண்டு. ஹெட்ஃபோனுடையது அதைப்போல் எட்டு மடங்காவது இல்லையென்றால் பேஸ் பகுதி வீங்கிக் கேட்கும்.

வடவாறு எழுதியது:

டிடி 990 ப்ரோவை ஆறு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் அதன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா. காதைச் சுற்றி உட்காரும் வெல்வெட் மெத்தையின் சுகத்துக்கு இந்த விலையில் இணை கிடையாது. மெத்தை, தலைப்பட்டை, சவ்வு வரை உதிரியாகக் கிடைக்கின்றன. முன்பு என்னிடம் இருந்த வேறொரு மூடிய ஹெட்ஃபோனின் செயற்கைத் தோல், கடலூர் ஈரக்காற்றில் ஒன்றரை ஆண்டில் உரிந்து, கழுத்தெல்லாம் கருப்புச் செதில் ஒட்டியது. அதற்கு மாற்று மெத்தையே கிடைக்கவில்லை. இசையைப் பொறுத்தவரை, டிடி 990இல் ஜாஸ் தட்டத்தின் (சிம்பலின்) சிலிர்ப்பும் சிம்பொனியில் வயலின் கூட்டத்தின் நுனியும் கேட்கும் விதம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பொதிகைச்சாரல் அவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாம்காலம் எழுதியது:

வடவாறு ஐயா சொல்லும் அந்தச் சிலிர்ப்புதான் இந்த இழையின் கேள்விக்கு எதிராக நிற்கிறது. அந்த ஹெட்ஃபோன் 8,000 ஹெர்ட்ஸ் அருகே வெகுவாக மேலேறுகிறது, அளந்தவர்கள் எல்லாரும் காட்டியிருப்பது இது. ஸகரமும் தட்டத்தின் ஓசையும் வாழும் பகுதி அது. நன்றாகப் பதிவான ஜாஸில் அது மினுக்காகத் தோன்றும். எண்பதுகளின் திரையிசையில், ஏற்கெனவே மேல்ஸ்தாயி சற்றுக் கூர்மையாக அமைந்த பாடல்களில், பாடகியின் ஒவ்வொரு ஸகரமும் ஊசியாக இறங்கும். ஒலிநாடாவின் இரைச்சல் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எது கூட்டல், எது குறைத்தல் என்று யார் முடிவு செய்வது என்று கேட்கலாம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் கேட்டன. ஹெட்ஃபோனின் பெயரும் தோற்றமும் தெரியாமல் மக்களைக் கேட்கவைத்தபோது, நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் காதில் எழுப்பும் சமநிலையை ஒத்த ஒலியையே பெரும்பாலோர் விரும்பினர். விதிவிலக்குகள் உண்டு, வயதானவர்கள் சிலர் ட்ரெபிளை (மேல்ஸ்தாயி ஒலியை) கூட்டிக் கேட்க விரும்புவதும் இயல்பு. ஆனாலும் பலவகை இசைக்கு ஒன்று என்றால் இந்த நடுப்பாதையிலிருந்து தொடங்குவதே முறை. 560எஸ் அதற்கு அருகில் செல்கிறது. பேஸின் அடித்தளத்தில், 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மெல்ல இறங்கிவிடும் என்பது அதன் குறை. மின்னணு இசை கேட்கும் வார இறுதிகளில் உங்களுக்குத் தெரியும்.

கடலோரக்காற்று எழுதியது:

எண்களைப் பற்றி நீங்கள் எல்லாரும் பேசிவிட்டீர்கள், கச்சேரிப் பதிவை வைத்து எப்படிச் சோதிப்பது என்று நான் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் வீணை கற்றவள், மிருதங்க வாசிப்பைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

ஹெட்ஃபோனின் நடுப்பகுதி சரியாக இருக்கிறதா என்று அறிய மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, கேளுங்கள். பெரும்பாலான மேளங்கள் ஏதோ ஓர் ஓசையைத்தான் தரும். வலந்தலை ஒரு சுரத்தைத் தருகிறது. ஏன் என்பதை சி. வி. ராமன், எஸ். குமார் என்பவரோடு சேர்ந்து 1920இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்: நடுவில் இடும் கருஞ்சாந்தின் எடை, தோலின் மேலதிர்வுகளை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. அந்த மேலதிர்வுகள் பதிவில் இருக்கும் விகிதத்திலேயே காதுக்கு வந்தால் ‘நம்’ என்ற மிருதங்கச் சொல் சுருதியோடு சேர்ந்து நிற்கும். ஹெட்ஃபோன் நடுப்பகுதியைப் பள்ளமாக்கினால் அதே ‘நம்’ மரப்பெட்டியைத் தட்டியது போல் வறண்டுவிடும். கடையில் போட்டுக் காட்டிய பேஸ் பாட்டு இந்தக் குறையை ஒருநாளும் காட்டாது, ஏனென்றால் அதில் நடுப்பகுதி என்று பேசும்படி ஒன்றுமே இல்லை.

அடுத்தது தொப்பி, மிருதங்கத்தின் இடப்பக்கம். கும்கி (தோலை அழுத்தித் தேய்க்கும் வாசிப்பு) கொடுக்கும்போது கீழிருந்து மேலே வழுக்கிச் செல்லும் அந்த நாதத்தின் தொடக்கமும் முடிவும் தனித்தனியே தெரிய வேண்டும். பேஸைத் தூக்கிய ஹெட்ஃபோனில் கும்கி முழுவதும் ஒரே ‘பூம்’ ஆகிவிடும். மூன்றாவதாக, பாடகர் நிறுத்தும் கணத்தில் வயலின் அதே சுரத்தை எடுத்துக்கொள்ளும் இடம். இரண்டும் ஒரே ஸ்தாயியில் உராய்கின்றன. குரல் எங்கே முடிந்தது, வில் எங்கே தொட்டது என்று தெரிந்தால் அந்த ஹெட்ஃபோன் உங்களுக்கு ஏற்றது. இந்த மூன்றும் தேறிவிட்டால் சிம்பொனியும் திரையிசையும் தாமே தேறிவிடும் என்பது என் அனுபவம். மின்னணு இசைக்கு மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பொதிகைச்சாரல் எழுதியது:

கடலோரக்காற்று அவர்களுக்கு மிக்க நன்றி, அப்பா இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு உங்களிடம் அரை நாள் பேசியிருப்பார். மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எச்இ400எஸ்இ வேறு தொழில்நுட்பம் என்கிறார்களே, அது பொருந்துமா? கம்பியே இல்லாமல் ப்ளூடூத்தில் இதே விலையில் எடுத்தால் என்ன இழப்பு?

செப்புக்கம்பி எழுதியது:

ப்ளூடூத்துக்கு விடை சுருக்கமானது. அதே பணத்தில் பேட்டரி, ஒலிவாங்கிகள், இரைச்சல் நீக்கும் மின்சுற்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள், ஐந்தாறு ஆண்டுகளில் பேட்டரி ஓய்ந்துவிடும். ரயில் பயணத்துக்கு அது சரி. கூடத்தில் ஒரே நாற்காலியில் உட்காருபவருக்குக் கம்பி ஒரு பாரமே அல்ல.

எச்இ400எஸ்இ பிளேனர் வகை. கூம்பும் சுருளும் இல்லாமல், கடத்திகள் அச்சிட்ட மெல்லிய தாள் காந்தங்களுக்கு நடுவே முழுப் பரப்பும் சேர்ந்து அசைகிறது. அதனால் அடிமட்ட பேஸ் இறங்காமல் நேராக நிற்கும். உங்கள் வார இறுதிக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் எடை 390 கிராம், 560எஸ்ஸோ 240 கிராம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கழுத்து சொல்லும் தீர்ப்பு காதின் தீர்ப்பிலிருந்து வேறுபடலாம். மின்மறுப்பு 25 ஓம் என்று பார்த்து எளிதில் இயங்கும் என்று எண்ண வேண்டாம், உணர்திறன் குறைவு என்பதால் மின்னோட்டம் நிறையக் கேட்கும், டாங்கிளில் திணறும்.

பேஸ் குறை என்றால் ஈக்வலைசரில், அதாவது ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருளில், சரிசெய்யலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபெல் தூக்குங்கள், தூக்கிய அளவுக்கு மொத்த ஒலியைக் குறைத்துவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். வடவாறு ஐயாவும் 8,000 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் இறக்கிக் கேட்டுப் பார்க்கலாம்.

வடவாறு எழுதியது:

இறக்கிக் கேட்டேன். ஒரு வாரம் பிடிவாதமாக இருந்துவிட்டு இப்போது ஒப்புக்கொள்கிறேன், திரைப்பாடல்களுக்கு அப்படியே வைத்திருக்கிறேன். ஜாஸுக்கு மட்டும் ஈக்வலைசரை அணைத்துவிடுகிறேன், அதில் யாரும் தலையிட வேண்டாம்.

பொதிகைச்சாரல் எழுதியது:

மூன்று வாரம் தாமதமாக வருகிறேன், பொறுத்தருள வேண்டும். நண்பர் ஒருவரிடம் எம்50எக்ஸும், அவருடைய அலுவலகத் தோழரிடம் 560எஸ்ஸும் இருப்பது தெரிந்து, இரண்டையும் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். பிளேனரைக் கேட்க வாய்க்கவில்லை, டிடி 990ஐக் கடையில் பத்து நிமிடம் கேட்டேன்.

கடலோரக்காற்று அவர்கள் சொன்ன மூன்று சோதனைகளையும் அப்பாவின் நாடாக்களை வைத்தே செய்தேன். எம்50எக்ஸில் தொப்பி கனத்து நின்றது, மின்னணு இசைக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் பாடகரும் வயலினும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டாற்போல் கேட்டது. 560எஸ்ஸில் அவர்கள் பிரிந்தார்கள். ‘நம்’ என்ற சொல் சுருதியோடு நிற்பதென்றால் என்னவென்று நாற்பத்திரண்டு வயதில் விளங்கியது. சிம்பொனியில் பின்வரிசை ஊதுகருவிகள் எங்கோ தொலைவிலிருந்து வருவது போல் இருந்தது, இயர்ஃபோனில் அவை என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. முதல் இரண்டு நாள் கண்ணாடிக் கம்பிகளைச் சற்று அழுத்தியது. ஹெட்ஃபோனை இரவு முழுவதும் புத்தகக் கட்டின் மேல் விரித்து மாட்டி வைத்ததில் தளர்ந்துவிட்டது.

ஆகவே 560எஸ் வாங்கிவிட்டேன், ஒரு டாங்கிளும் சேர்த்து வரவுசெலவுக்குள் அடங்கியது. இரண்டு சங்கடங்கள் மட்டும் மிச்சம். மோனோப் பதிவுகளில் எல்லாமே தலையின் நடுவில், நெற்றிக்குப் பின்னால், ஒரு புள்ளியில் நிற்கின்றன. பழைய ஸ்டீரியோத் திரைப்பாடல்கள் சிலவற்றில் அதற்கு நேர்மாறாகத் தபேலா முழுவதும் இடது காதில், வயலின்கள் முழுவதும் வலது காதில் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது. இது ஹெட்ஃபோனின் குறையா?

மூன்றாம்காலம் எழுதியது:

இல்லை. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதையும் சற்றுத் தாமதமாக, சற்று மங்கலாக வந்தடையும். ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு அறவே இல்லை. இதைச் செயற்கையாக உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை பெஞ்சமின் பௌவர் (Bauer) என்ற பொறியாளர் 1961லேயே முன்வைத்தார். இன்று கிராஸ்ஃபீட் என்ற பெயரில் ஃபூபார்2000 போன்ற மென்பொருள்களில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தபேலா பாடல்களுக்கு மட்டும் போடுங்கள், புதிய பதிவுகளுக்குத் தேவையில்லை. மோனோவுக்கு அதனால் பயன் இல்லை, இரண்டு காதிலும் ஒன்றே இருப்பதால் கலப்பதற்கு எதுவுமில்லை. மின்விசிறி என்னவாயிற்று என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பொதிகைச்சாரல் எழுதியது:

கிராஸ்ஃபீட் போட்டதும் தபேலா காதுமடலை விட்டு இறங்கி அறைக்குள் வந்துவிட்டது, நன்றி.

மின்விசிறியைப் பற்றி வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஐந்தில் ஓடினால் ஆலாபனையின் மெல்லிய இடங்களில் தம்புராவுக்குப் பதில் அதுதான் கேட்கிறது. இரண்டில் வைத்தால் தெரிவதில்லை. இப்போது மார்கழி என்பதால் இரண்டே போதுமானதாக இருக்கிறது. சித்திரை பிறந்ததும் இதே இழையில் வந்து மூடிய வகை பற்றிக் கேட்பேன், அப்போது யாரும் சிரிக்கக் கூடாது.